வீட்டில் தோளும் காலும் பிடித்துவிடுவது: பலன் எதில், ஆபத்து எதில்

பிடித்துவிடச் சொல்லி முதுகைக் காட்டிப் படுப்பவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "இன்னும் கொஞ்சம் நல்லா அமுக்கு" என்பதுதான். பிடிப்பவரும் உடனே பலத்தைக் காட்டத் தொடங்குவார். ஐந்து நிமிடத்தில் இவருக்குக் கை ஓய்ந்துவிடும். அவருக்கு மறுநாள் தொட்ட இடமெல்லாம் கன்றிப்போயிருக்கும். மசாஜின் பலன் பெரும்பாலும் மெதுவாகச் செய்வதிலும், போதுமான நேரம் கொடுப்பதிலும், வாரத்தில் சில நாள் விடாமல் செய்வதிலும் இருக்கிறது. பலத்துக்கு அதில் பங்கு குறைவு.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில், நாள்பட்ட இடுப்புவலி உள்ள 401 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2011-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு, வலிக்குக் காரணமான தசையையும் மூட்டையும் தேடிப் பிடித்துச் செய்யும் மசாஜ். இன்னொரு பிரிவுக்கு உடம்பைத் தளர்த்தும் பொதுவான மசாஜ். மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். வாரம் ஒரு முறை வீதம் 10 வாரம் செய்தார்கள். மசாஜ் பெற்ற இரண்டு பிரிவினருமே மூன்றாவது பிரிவினரைவிட நன்றாக நடமாடினார்கள். ஆனால் அந்த இரண்டுக்கும் இடையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஆறு மாதம் வரை பலன் தெரிந்தது, ஓராண்டில் பெரும்பாலும் கரைந்துபோனது. அதாவது பொதுவான மசாஜே போதுமானதாக இருந்தது. ஆனால் நிறுத்தினால் பலனும் தேய்ந்துவிடும்.

நேரத்தைப் பற்றி 2014-ல் வந்த இன்னோர் ஆய்வு கொஞ்சம் கறாராகவே சொல்கிறது. நாள்பட்ட கழுத்துவலிக்காரர்கள் 228 பேரில், அரை மணி நேர மசாஜ் பெற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. ஒரு மணி நேரம் வீதம் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பெற்றவர்களுக்குத்தான் தெளிவாகக் குறைந்தது. வீட்டில் யாரால் இவ்வளவு நேரம் செய்ய முடியும்? முடியாது. அதனால் வீட்டில் செய்யும் 15, 20 நிமிடத்தைச் சிகிச்சை என்று எண்ண வேண்டாம். நாள் முழுக்க உட்கார்ந்து இறுகிப்போன தசை இளகும், அன்றைய தூக்கம் நன்றாக வரும், வலி சில மணி நேரம் தணியும். அந்தச் சில மணி நேரத்துக்குள் எழுந்து நடப்பதும் கழுத்தையும் தோளையும் அசைப்பதும்தான் அடுத்த வாரத்துக்கான முதலீடு. மாதக்கணக்கில் விடாத கழுத்துவலிக்கு பிசியோதெரபிஸ்ட்டிடம் போவதே வழி.

வலி ஏன் தணிகிறது? தொடு உணர்வு தண்டுவடத்துக்குப் போகும்போது, அதே வழியில் வரும் வலிச் செய்தி மட்டுப்படுகிறது. இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்ப்பதும் இதனால்தான். இன்னொன்று, முடி முளைக்கும் தோலில் மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பு இழைகள் உள்ளன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நீவினால்தான் அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன; அதைவிட வேகமாகத் தேய்த்தால் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பரபரவென்று தேய்ப்பவர் கையில் சுகம் இல்லாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். "உடம்பில் உள்ள நச்செல்லாம் வெளியேறும்" என்பதற்கு ஆதாரம் கிடையாது. உடற்பயிற்சியில் சேரும் லாக்டிக் அமிலத்தை மசாஜ் வெளியேற்றுகிறது என்பதும் தவறு. தசையை அழுத்தும்போது அங்கே ரத்த ஓட்டம் தற்காலிகமாகத் தடைபடுவதால், அது வெளியேறுவது தாமதமே ஆகிறது என்று கனடாவில் 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. சும்மா விட்டாலே அது ஒரு மணி நேரத்தில் தானாகப் போய்விடும்.

சித்த மருத்துவத்தில் மசாஜுக்குத் தொக்கணம் என்று பெயர், அதில் ஒன்பது வகை சொல்வார்கள்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல். இவற்றில் அழுத்தல், பிடித்தல், மெல்ல அசைத்தல் ஆகிய மூன்றை மட்டும் வீட்டில் எடுத்துக்கொள்ளலாம். முறுக்குவதும் இழுப்பதும் முறையாகப் பயின்றவர்கள் கைக்கு உரியவை.

தோளும் பிடரியும்

கம்ப்யூட்டரில் வேலை செய்பவருக்கும், தையல் மிஷினில் குனிந்திருப்பவருக்கும், நாள் முழுக்க பைக் ஓட்டுபவருக்கும் இறுகுவது ஒரே இடம்தான்: கழுத்தின் அடியிலிருந்து தோள்முனை வரை போகும் சதை. இதற்கு எண்ணெய் கட்டாயமில்லை. மெல்லிய பருத்திச் சட்டையின் மேலேயே செய்யலாம்.

நாற்காலியைச் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் போட்டு, மேசைமேல் இரண்டு தலையணை அடுக்கி, அதில் நெற்றியைச் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கைகளும் மேசைமேல் இருக்கட்டும். தலையின் பாரம் இறங்காதவரை பிடரித் தசை தளராது. நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவருக்கு எவ்வளவு பிடித்தாலும் பாதிப் பலன்தான். நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும், மோதிரம், வாட்ச் எதுவும் கூடாது, கை சில்லென்று இருக்கக் கூடாது.

முதலில் இரண்டு உள்ளங்கையையும் தோள்மேல் வைத்து அரை நிமிடம் அப்படியே இருங்கள். மூச்சு மெதுவாவது கைக்குத் தெரியும். பிறகு கழுத்தடியிலிருந்து தோள்முனை வரை உள்ளங்கையால் நீவுங்கள். ஒரு நீவலுக்கு நான்கைந்து நொடி, மொத்தம் பத்துப் பதினைந்து நீவல். சட்டைத்துணி சுருண்டு வராத அளவு அழுத்தம் போதும்.

அடுத்தது பிடித்தல். நான்கு விரல் முன்பக்கமும் உள்ளங்கையின் அடிமேடு பின்பக்கமும் வர, தோள்சதையை மொத்தமாக அள்ளி, சப்பாத்தி மாவு பிசைவதுபோல ஒரு கை மாற்றி ஒரு கை பிசைய வேண்டும். எல்லோரும் செய்யும் தவறு, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளுவது. அது தோலைத்தான் பிடிக்கும், சதையைப் பிடிக்காது, எரிச்சல்தான் மிஞ்சும். முன்பக்க விரல்கள் காறை எலும்புக்கு மேலே உள்ள குழியில் இறங்கிவிடக் கூடாது. கைக்குப் போகும் நரம்புக் கற்றை அங்கேதான் ஓடுகிறது. விரல்நுனி வரை மின்சாரம் ஓடியதுபோல இருக்கிறது என்று சொன்னால் இடம் தவறு என்று பொருள். பக்கத்துக்கு மூன்று நிமிடம் போதும்.

பிசையும்போதே கயிறுபோல ஓர் இழையும் அதில் ஒரு முடிச்சும் தட்டுப்படும். பெரும்பாலும் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவிலோ, தோள்பட்டை எலும்பின் மேல்மூலையிலோ இருக்கும். அதன்மேல் கட்டைவிரலை வைத்து மெல்ல மெல்ல இறங்கி, வலி பத்துக்கு நாலு ஐந்து என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். 20, 30 நொடி அசையாமல் இருங்கள். வலி இரண்டுக்கு இறங்கினால் சரியாகப் போகிறது. ஒரு நிமிடம் ஆகியும் இறங்கவில்லை என்றால் அதை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டும். கோபித்துக்கொண்டு இன்னும் குத்தினால் தசை தற்காப்புக்காக மேலும் இறுகும். தோள் காதுப்பக்கம் ஏறுவது, மூச்சைப் பிடிப்பது, பாதவிரல் மடங்குவது மூன்றும் அழுத்தம் அதிகம் என்பதற்கு அடையாளம். "பரவாயில்ல, தாங்குவேன்" என்று வாய் சொன்னாலும் உடம்பைத்தான் நம்ப வேண்டும்.

கடைசியாகப் பிடரி. மண்டையோட்டின் அடிவிளிம்பில், நடுத்தண்டுக்கு இருபுறமும் இரண்டு பள்ளம் இருக்கும். அங்கே விரல்நுனிகளை வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக இரண்டு நிமிடம். மாலையில் தலையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு வரும் வலி பலருக்கு இதில் தணியும். கழுத்தின் முன்பக்கமும் பக்கவாட்டும் தொடவே வேண்டாம். மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்கள் அங்கே ஓடுகின்றன.

முடிந்ததும் மறுபடி பத்து நீவல். பிறகு அவரையே தோளைப் பின்பக்கமாகச் சுழற்றச் சொல்லி, தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். மறுநாள் லேசான வலி இருந்தால் அது இயல்பு, ஓரிரு நாளில் போய்விடும். நீலமாகக் கன்றியிருந்தால் அடுத்த முறை பாதி அழுத்தம். கடுமையாக அமுக்கிய பிறகு சிறுநீர் கறுத்த காபி நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று பொருள். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது.

எண்ணெய் எவ்வளவு, எப்படி

முதுகுக்கு 10 முதல் 15 மில்லி, இரண்டு கால்களுக்கும் சேர்த்து 10 மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன். இதற்கு மேல் ஊற்றினால் கை வழுக்கிக்கொண்டு போகும், சதை பிடிபடாது, பிடிபடாததால் இன்னும் அமுக்கத் தோன்றும். எண்ணெயை உடம்பில் ஊற்றாமல் கையில் தேய்த்துக்கொண்டு தொடங்குங்கள். நல்லெண்ணெய் நின்று வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் மெல்லியது, வேகமாக ஊறும். எது என்பதைவிட உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதே முக்கியம்.

அடுப்பில் நேராகக் காய்ச்ச வேண்டாம். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் எண்ணெய்க் கிண்ணத்தை ஐந்து நிமிடம் வைத்தால் போதும். சூடு சரியா என்று, பிடித்துவிடுபவர் தன் மணிக்கட்டின் உள்பக்கத்தில் சொட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். வலித் தைலம் தடவிய இடத்தில் வெந்நீர்ப் பையோ ஒத்தடமோ வைக்கவே கூடாது. மருந்தின் காரமும் சூடும் சேர்ந்து தோலை வேகவைத்துவிடும். விண்டர்கிரீன் என்னும் செடியின் எண்ணெய் வாசனை அடிக்கும் தைலங்களில் மெத்தில் சாலிசிலேட் என்ற வலிமருந்து இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அதை நிறையத் தடவினால் ரத்தக்கசிவு கூடும்.

வயதானவர்களின் கால்

ராத்திரி ஆனால் கால் குடைச்சல் என்று சொல்லும் அப்பா அம்மாவுக்கு, தூங்கப் போகும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் காலைப் பிடித்துவிடுவது செலவில்லாத வைத்தியம். ஆனால் பிடிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்: வெடிப்பு, கொப்புளம், விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறிய தோல், ஒரு காலில் மட்டும் வீக்கம். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இந்த அரை நிமிடப் பார்வையே மசாஜைவிடப் பெரிய உதவி. பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குச் செருப்புக் கடித்த புண் இருப்பதே தெரியாது. எண்ணெய்ச் சூடும் தெரியாது, அழுத்தமும் தெரியாது. "சூடு போதுமா?" என்று அவரிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

அவர் கட்டிலில் சாய்ந்து உட்காரட்டும். முழங்காலின் அடியில் ஒரு தலையணை, உங்கள் மடியில் பழைய துண்டு, அதன்மேல் அவர் பாதம். உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரலை நோக்கி, மடக்கிய விரல் முட்டியால் மெதுவாக இழுங்கள். குதிகாலடியில் சுருக்கென்று வலித்தால் அங்கே குத்தாமல் பாதத்தின் நடுவளைவில் வேலை செய்யுங்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள், சொடக்கு எடுக்க வேண்டாம். பிறகு கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி, அதாவது மேல்நோக்கி மட்டும், கெண்டைச் சதையை நீவுங்கள். முன்னங்கால் எலும்பின்மேல் அழுத்தம் கூடாது. முழங்காலின் பின்குழியில் விரல் இறங்கக் கூடாது. புடைத்த நரம்புச் சுருள் உள்ள இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிச் செல்லுங்கள்.

முடிந்ததும் விரல் இடுக்கில் ஒரு சொட்டு எண்ணெய் தங்காமல் துடைக்க வேண்டும். ஈரம் சேர்ந்தால் பூஞ்சை வரும். உள்ளங்காலையும் உலர்ந்த துண்டால் அழுந்தத் துடையுங்கள். இதில் அலட்சியம்தான் மிக அதிகச் சேதம் செய்வது. எண்ணெய்க் காலோடு பாத்ரூம் டைல்ஸில் கால் வைத்து, வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்தால் அடுத்த ஆறு மாதம் படுக்கை. எழுவதற்கு முன் இரண்டு மூன்று நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்லுங்கள். மசாஜுக்குப் பிறகு ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கும், பிபி மாத்திரை சாப்பிடுபவருக்கு எழுந்தவுடன் தலை சுற்றலாம்.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இன்னொரு விதி. இடுப்பின் பின்பக்கம், குதிகால், தோள்பட்டை எலும்பு போன்ற இடங்களில் தோல் சிவந்து, அழுத்தினாலும் வெளுக்காமல் இருந்தால் அங்கே தேய்க்கவே கூடாது. ரத்த ஓட்டம் வரட்டும் என்று பவுடர் போட்டுத் தேய்ப்பவர்கள் உண்டு. அடியில் ஏற்கெனவே நலிந்திருக்கும் திசு அதில் கிழிந்து படுக்கைப்புண்ணாக மாறும். அந்த இடத்தில் பாரம் விழாமல் புரட்டிப் படுக்க வைப்பதுதான் வைத்தியம்.

மனசுக்கு என்ன செய்கிறது

மசாஜ் பற்றிய 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2004-ல் வந்தது. பதற்றமும் மனச்சோர்வும் குறைவதில்தான் மசாஜின் பலன் பெரிதாகத் தெரிந்தது. ஒரே முறையில் அல்ல, பல முறை தொடர்ந்து எடுத்துக்கொண்டவர்களிடம். மன அழுத்தத்தில் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை மசாஜ் பெருமளவு குறைக்கிறது என்று விளம்பரங்களில் வரும் கணக்கை அப்படியே ஏற்க வேண்டாம். அதை 2011-ல் மறுபடி அலசியபோது அந்த மாற்றம் மிகச் சிறியதாகவே இருந்தது. மனம் அமைதியாவது நிஜம், அதற்கு எல்லோரும் சொல்லும் காரணம்தான் பலவீனமானது. மனச்சோர்வுக்கு மருந்தோ ஆலோசனையோ எடுப்பவர் மசாஜை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் இதற்கு வேண்டியது சூழல். டிவி அணைந்திருக்க வேண்டும், போன் வேறு அறையில். பிடித்துக்கொண்டே குடும்பப் பஞ்சாயத்துப் பேசினால் கைசெய்த வேலையை வாய் கெடுத்துவிடும். தொடங்கும்போது ஒரு முறை, நடுவில் ஒரு முறை, "அழுத்தம் சரியா இருக்காம்மா?" என்று கேட்டால் போதும். சிலருக்குத் தொடுவதே பிடிக்காது. வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும், "உன் நல்லதுக்குத்தான்" என்று வற்புறுத்தக் கூடாது. சிலர் பிடிக்கும்போது காரணமில்லாமல் அழுவார்கள். என்ன ஆச்சு என்று துருவாமல், கையை எடுக்காமல், வேகத்தைக் குறைத்தால் தானே அடங்கும்.

மறதி நோய் முற்றிய பெரியவர்கள் மாலை நேரத்தில் நிலைகொள்ளாமல் எழுவதும் நடப்பதும் கத்துவதுமாக இருப்பார்கள். அவர்களுக்குக் கையை மட்டும் பிடித்துவிடலாம். எதிரே உட்கார்ந்து, கண்ணில் படும்படி கையை நீட்டி, அவராகக் கை கொடுத்த பிறகு தொடங்குங்கள். புறங்கையை மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை நீவி, உள்ளங்கையைக் கட்டைவிரலால் வட்டமாகத் தேய்த்து, கைக்கு ஐந்து நிமிடம். பதற்றம் கொஞ்ச நேரத்துக்குத் தணிய இது உதவலாம். பின்னால் வந்து திடீரென்று தோளைத் தொட்டால் மிரண்டு அடிக்கவும் வருவார்கள்.

கை வைக்கவே கூடாத இடம்

இடது தோள், கை, தாடை, நெஞ்சு இவற்றில் திடீரென வலி வந்து வியர்த்துக் கொட்டினால், "வாயுப் பிடிப்பா இருக்கும், கொஞ்சம் தேச்சு விடு" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். தேய்த்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் நேரத்தில் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், சூடு, கெண்டைச் சதையில் வலி என்றால் உள்நாளத்தில் ரத்தக்கட்டி இருக்கலாம். அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு, நீண்ட படுக்கை, நீண்ட பயணம், கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரம் ஆகிய சமயங்களில் இதற்கு வாய்ப்பு கூடுதல். டெல்லியில், கணுக்காலில் அடிபட்டுக் கட்டுப்போட்டிருந்த 23 வயது இளைஞருக்குக் கட்டுப் பிரித்த பிறகும் வலி போகவில்லை. தாய் எண்ணெய் தேய்த்துக் காலை உருவிவிட, ரத்தக்கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்து அவர் இறந்துபோனார். மருத்துவர்கள் இதை மருத்துவ இதழில் பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளை பெற்றவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் வழக்கம் உள்ள வீடுகளில், காலை உருவும் முன் இரண்டு கெண்டைக்காலும் ஒரே பருமனாக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் முதலில், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன்.

சலூனில் தலை மசாஜ் முடிந்ததும் கழுத்தைப் படக்கென்று திருப்பிச் சொடக்கு எடுப்பதை மறுத்துவிடுங்கள். கழுத்தெலும்புக்குள் ஏறிப்போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம், இளம் வயதினருக்கும்தான். "கழுத்து மட்டும் வேண்டாம்ண்ணே" என்று நாற்காலியில் உட்காரும்போதே சொல்லிவிடுவது நல்லது. விழுந்து அடிபட்ட மூட்டை 'சுளுக்கு' என்று உருவும் முன் எக்ஸ்ரே எடுங்கள். எலும்புத் தேய்மானம் முற்றியவர், ரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்டு, லேசான நீவல் மட்டும். காய்ச்சல் அன்று வேண்டாம். இடுப்புவலியோடு தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ கட்டுக்குள் இல்லாமல் போவது இரண்டும் அவசரம்.

பிடித்துவிடுபவரின் கட்டைவிரல்

தினமும் பிடித்துவிடுபவருக்கு முதலில் போவது கட்டைவிரலின் அடிமூட்டு. விரலைப் பின்னால் வளைத்து அழுத்துவதால் வருவது இது. விரலை மணிக்கட்டோடு நேர்க்கோட்டில் வைத்து, மற்ற விரல்களை முட்டாக மடக்கி அதன் பக்கத்தில் தாங்கல் கொடுங்கள். முழங்கையை நீட்டி, உடம்பின் பாரத்தை முன்னால் சாய்த்து அழுத்தினால் கைத்தசைக்கு வேலையே இல்லை. கட்டில், நின்றபடி கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி தொடும் உயரத்தில் இருப்பது வசதி. தரையில் பாய் என்றால் ஒரு முழங்காலை மண்டியிட்டு, முதுகை வளைக்காமல். முதுகு, தொடை போன்ற பெரிய சதைகளுக்கு உள்ளங்கை அடிமேட்டையும் முன்கையையும் பயன்படுத்தி, கட்டைவிரலை முடிச்சுகளுக்கு மட்டும் மிச்சம் வையுங்கள். பாட்டில் மூடி திறக்கும்போது கட்டைவிரல் அடி வலிக்கத் தொடங்கினால், இரண்டு வாரம் அந்த விரலுக்கு முழு விடுப்பு. அதுவரை உள்ளங்கையால் நீவுவது மட்டுமே போதும்.